நோயின் வேகம் பழகும் ஓராண்டு

சி.டி. ஸ்கேன் மேசையில் படுத்திருப்பவரின் கை ரத்தக்குழாயில் அயோடின் கலந்த சாய மருந்து ஏறுகிறது. உடம்பெங்கும் ஒரு சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும். பெரும்பாலோருக்கு அவ்வளவோடு முடிந்துவிடும். இப்போது புழக்கத்தில் உள்ள சாய மருந்துகளால் கடுமையான ஒவ்வாமை வருவது பத்தாயிரம் பேரில் நான்கு பேர் அளவுக்குத்தான். அந்த நால்வரில் இவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தோல் தடித்துச் சிவக்கிறது. குரல் கம்முகிறது. மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. பக்கத்தில் இருக்கும் மருத்துவர் யார்? அடுத்த இருட்டறையில் திரைக்கு முன் அமர்ந்து படம் பார்த்துக்கொண்டிருக்கும் கதிரியக்கவியல் மருத்துவர். அவர்தான் எழுந்து வந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் 0.3 மில்லிகிராம் அட்ரினலினைச் செலுத்த வேண்டும். தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும். அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க அங்கே நேரம் கிடையாது.

அளவைப் புத்தகத்தில் படித்துவிடலாம். கை தயங்காமல் ஊசியை எடுப்பது வேறு விஷயம். நாளெல்லாம் நிழற்படங்களோடு பழகும் ஒருவருக்கு அந்தத் தயக்கமின்மை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் பயின்றவராக இருந்தால், பெரும்பாலும் படம் பார்க்கத் தொடங்குவதற்கு முந்தைய ஓராண்டிலிருந்து வந்திருக்கும். ‘பிரிலிம் இயர்’ என்று அங்கே இளம் மருத்துவர்கள் சொல்வது அந்த ஆண்டைத்தான்.

அந்த நாட்டில் கதிரியக்கவியல், மயக்கவியல், தோல், கண், நரம்பியல், மறுவாழ்வு மருத்துவம், புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை ஆகிய துறைகளுக்குப் போகிறவர்கள் மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு துறைக்குள் காலெடுத்து வைக்க முடியாது. முதலில் ஓராண்டு, உடம்பு முழுவதையும் பார்க்கும் ஒரு பயிற்சியில் இருந்துவிட்டு வர வேண்டும். சிலர் அறுவை சிகிச்சைத் துறையில் அந்த ஆண்டைக் கழிப்பார்கள். சிலர் பல துறைகளில் மாறி மாறிச் சுற்றும் இடைநிலை ஆண்டைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றவர்கள் இன்டர்னல் மெடிசினில் சேர்கிறார்கள். நம் மருத்துவமனைப் பலகைகளில் ‘பொது மருத்துவம்’ என்று எழுதியிருக்குமே, அதேதான். இந்த முதலாண்டைத் தன் பயிற்சிக்குள்ளேயே அடக்கிக்கொண்ட துறை இடங்களும் இருக்கின்றன. இல்லாதவர்கள் ஒரு மருத்துவமனையில் ஓராண்டு, பிறகு பெட்டி கட்டிக்கொண்டு வேறோர் ஊரில் மூன்று அல்லது நான்கு ஆண்டு என்று அலைய வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு இது முற்றிலும் புதிதாகத் தோன்றாது. இங்கே நாலரை ஆண்டுப் படிப்புக்குப் பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாக எல்லா வார்டுகளிலும் சுற்றியாக வேண்டும். அதன் பிறகு தோல் மருத்துவமோ மயக்கவியலோ கிடைத்தால் மூன்றாண்டும் அந்தத் துறைதான். அமெரிக்காவில் அந்தச் சுற்று பட்டத்துக்குப் பிறகு, சம்பளத்தோடும் பொறுப்போடும் வருகிறது. பெரும்பாலான மாநிலங்களில் தனியாக மருத்துவம் பார்க்க உரிமம் வேண்டுமென்றாலும் பட்டத்துக்குப் பின் குறைந்தது ஓராண்டுப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இங்கே எம்.டி. முடித்துப் பல ஆண்டு பணியாற்றிய ஒருவர் அங்கே குடியேறினால், பெரும்பாலும் மறுபடி முதலாண்டுப் பயிற்சி மருத்துவராகத்தான் தொடங்க வேண்டியிருக்கும். நாற்பதை நெருங்கும் வயதில் இருபத்தாறு வயதுக்காரர்களோடு நின்று இரவுப் பணி பார்க்கும் தமிழ் மருத்துவர்கள் அங்கே உண்டு.

இந்த ஓராண்டுக்கு இடம் கிடைப்பதே ஒரு கணக்கு. 1940-களில் அமெரிக்க மருத்துவமனைகள் நல்ல மாணவர்களைப் பிடிப்பதற்குப் போட்டி போட்டு, படிப்பு முடியும் முன்பே இடத்தை நீட்டின. பதில் சொல்ல மாணவருக்குச் சில மணி நேரம்கூடக் கொடுக்காத நிலை வந்தது. அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட 1952-இல் ‘மேட்ச்’ தொடங்கியது. மாணவர் தன் விருப்ப வரிசையை எழுதித் தருகிறார், மருத்துவமனையும் அப்படியே. இரண்டையும் பொருத்திப் பார்த்து ஒருவருக்கு ஒரே இடம் ஒதுக்கப்படுகிறது. டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி என்ற இரு கணிதவியலாளர்கள் 1962-இல், திருமணப் பொருத்தத்தை உதாரணமாக வைத்து, யாரும் மனம் மாறி ஓடிப்போக வழியில்லாத பொருத்தம் ஒன்று எப்போதும் உண்டு என்று நிறுவினார்கள். மருத்துவமனைகளின் மேட்ச் கிட்டத்தட்ட அதே வழியில்தான் பத்தாண்டாக நடந்துகொண்டிருந்தது என்பதை ஆல்வின் ராத் பின்னாளில் எடுத்துக்காட்டினார். ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பிரிலிம் தேடுகிறவருக்கு இந்தக் கணக்கில் ஒரு முடிச்சு கூடுதல். அவர் முதலில் துறை இடங்களை வரிசைப்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு துறை இடத்துக்கும் கீழே, ‘அது கிடைத்தால் முதலாண்டுக்கு இந்த மருத்துவமனைகள்’ என்று துணைப் பட்டியலும் எழுத வேண்டும். மார்ச் மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை விடை தெரியும். ஜூலை முதல் தேதியையொட்டி வேலை தொடங்கிவிடும்.

முதலாண்டுக்காரரை ‘இன்டர்ன்’ என்கிறார்கள். அதற்கு மேல் உள்ளவர் ‘ரெசிடென்ட்’, அதாவது குடியிருப்பவர். அந்தப் பெயர் உண்மையிலேயே குடியிருந்ததால் வந்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறக்கப்பட்டபோது, அங்கே மருத்துவத் துறைக்குத் தலைமையேற்ற வில்லியம் ஆஸ்லர் இளம் மருத்துவர்களை மருத்துவமனைக் கூரையின் கீழேயே தங்கவைத்தார். படுக்கையருகே நின்று நோயாளியிடமிருந்து நேரடியாகக் கற்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1914-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இன்டர்ன்களைப் பயிற்றுவிக்கத் தகுந்த மருத்துவமனைகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. அதன்பின் அறுபது ஆண்டு, எந்தத் துறைக்குப் போகிறவரும் இன்டர்ன் ஆண்டு என்ற ஒன்றைத் தனியாக முடித்துவிட்டே போனார்கள். எந்தத் துறையும் சொந்தமென்று பொறுப்பேற்காத அந்த ஆண்டு வெறும் எடுபிடி வேலையாகத் தேய்ந்துவிட்டது என்று விமர்சனம் எழுந்து, 1966-இல் மில்லிஸ் குழு அதைக் கைவிடச் சொன்னது. 1975-இல் தனி இன்டர்ன் ஆண்டு முடிவுக்கு வந்தது. பொது மருத்துவம், அறுவை போன்ற துறைகள் முதலாண்டைத் தமக்குள் இழுத்துக்கொண்டன. இழுத்துக்கொள்ளாத துறைகளின் மாணவர்களுக்காக எஞ்சி நிற்பதுதான் பிரிலிம். மில்லிஸ் குழு சொன்ன குறை இன்றும் அதன் மேல் படிந்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஆண்டு என்ன கற்றுத் தருகிறது என்று பார்க்க வேண்டும். ‘உடம்பு முழுவதையும் பற்றிய அறிவு’ என்று சொல்வது வழக்கம். அது சரிதான், ஆனால் போதாது. அறிவு மருத்துவக் கல்லூரியிலேயே கிடைத்துவிடுகிறது. கல்லூரி தராத ஒன்று, நோயின் வேகத்தை அறிவது. எந்தக் கோளாறுக்கு நிமிடக் கணக்கு, எதற்கு மணிக் கணக்கு, எதை இரண்டு நாள் பொறுத்துத் திருத்த வேண்டும் என்பதை உடம்பால் உணர்வது.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். பகலில் ஓர் இன்டர்ன் தன் பொறுப்பில் பத்து நோயாளிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது ஏ.சி.ஜி.எம்.இ. என்னும் அங்கீகார அமைப்பின் விதி. இரவில், வீட்டுக்குப் போன மற்றவர்களின் நோயாளிகளையும் சேர்த்துக் காவல் காக்க வேண்டியிருக்கும். ‘கிராஸ் கவர்’ என்பார்கள். அடுத்த ஆண்டு தோல் மருத்துவத்துக்குப் போகப்போகிற ஒரு பெண் அன்றிரவு பணியில் இருக்கிறார். இரண்டு மணிக்கு ஆய்வகத்திலிருந்து அழைப்பு: ஒரு சிறுநீரக நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் 7.1.

இயல்பான அளவு 3.5-இலிருந்து 5 வரை. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள் அடைந்து கிடக்கிறது. வெளியே ரத்தத்தில் ஓடுவது சொற்பம். அந்தச் சொற்பத்துக்கும் உள்ளிருக்கும் பெருங்குவியலுக்கும் இடையிலான வித்தியாசம்தான் இதயத் தசை துடிக்கத் தேவையான மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. வெளியே அளவு ஏறினால் அந்த அழுத்தம் குலைகிறது. இ.சி.ஜி.யில் ‘டி’ அலை கூடாரம்போலக் கூர்மையாக எழும், பிறகு கோடு அகன்று விரியும், பிறகு இதயம் நின்றுவிடலாம். இந்த இடத்தில் அவர் ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார். ரத்தம் எடுக்கும்போது ஊசியில் செல்கள் உடைந்து பொட்டாசியம் கசிந்து அளவு பொய்யாக உயர்ந்திருக்குமா? அப்படியானால் மறுபடி ரத்தம் அனுப்ப வேண்டும். உண்மையாக இருந்தால்? காத்திருக்க முடியாது. இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டு நோயாளியிடம் நடக்கிறார். கூடாரம் தெரிகிறது.

முதல் மருந்து கால்சியம். அது பொட்டாசியத்தைத் துளியும் குறைக்காது. இதயச் செல்லின் சவ்வை உறுதிப்படுத்திச் சில நிமிடங்களில் ஆபத்தைத் தள்ளிப்போடும். அந்தக் காவல் அரை மணியோ ஒரு மணியோதான் நிற்கும். அதற்குள் இன்சுலினும் கூடவே சர்க்கரைக் கரைசலும் கொடுத்தாக வேண்டும். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் திருப்பித் தள்ளுகிறது. சர்க்கரை இல்லாவிட்டால் நோயாளி தாழ்சர்க்கரையில் மயங்கிவிடுவார். அந்த விளைவு நான்கைந்து மணி நேரம் தாங்கும். ஆனாலும் பொட்டாசியம் உடம்பை விட்டு வெளியேறவில்லை. இடம் மாறி ஒளிந்திருக்கிறது. விடிவதற்குள் அதைச் சிறுநீர் வழியாகவோ மலத்தின் வழியாகவோ டயாலிசிஸ் வழியாகவோ வெளியேற்ற ஏற்பாடு செய்தாக வேண்டும். தடுத்து நிறுத்து, இடம் மாற்று, வெளியேற்று என்று மூன்று மருந்துக்கும் மூன்று கடிகாரம் ஓடுகிறது. பரீட்சையில் இதை வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்தான் அவர். மூன்று கடிகாரங்களையும் ஒரே நேரத்தில் மனத்தில் ஓட்டிக்கொண்டு, நடுவில் வேறொரு வார்டிலிருந்து வரும் அழைப்புக்கும் பதில் சொல்வதை அன்றுதான் கற்றார்.

அதே இரவு, நான்கு மணி. வேறொரு நோயாளிக்குச் சோடியம் 112. இயல்பு 135-இலிருந்து 145 வரை. பல நாளாகச் சிறிது சிறிதாகக் குறைந்து வந்தது. ஆள் மந்தமாக இருக்கிறார், வலிப்பு இல்லை. பொட்டாசியத்தை வென்ற கை இங்கேயும் பரபரக்கும். அதைத்தான் அடக்க வேண்டும். சோடியம் குறையும்போது மூளைச் செல்களுக்குள் நீர் புகுந்து வீக்கம் வரும். இரண்டு நாளுக்குள் மூளை தன் செல்களுக்குள் இருந்த சில கரைபொருள்களை வெளியே தள்ளி, வீக்கத்தைத் தானே சமன் செய்துகொள்கிறது. அப்படித் தன்னைப் பழக்கிக்கொண்ட மூளையின் வெளிப்புறத்தில் நாம் திடீரென்று சோடியத்தை ஏற்றினால், செல்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட்டு, நரம்புகளின் மேலுறை சிதைகிறது. மூளைத் தண்டில் நிகழும் இந்தச் சிதைவை ஆடம்ஸ், விக்டர், மான்கல் ஆகியோர் 1959-இல் விவரித்தார்கள். அது சோடியத்தை விரைந்து திருத்துவதால் வருவது என்பது பின்னர்தான் தெளிவானது. விளைவு உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. முதல் நாள் ஆள் தெளிவாகப் பேசுவார், குடும்பம் மகிழும், எண் அழகாக இருக்கும். சில நாள் கழித்துப் பேச்சும் விழுங்கும் திறனும் போய், கைகால் செயலிழக்கலாம். அதனால்தான் ஆபத்து மிகுந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏற்றாதே என்று எல்லை வைத்திருக்கிறார்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, வேகம் மீறினால் நீரைக் கொடுத்து இறக்கவும் வேண்டும்.

இரண்டு மணிக்கு அவசரம் உயிர் காத்தது. நான்கு மணிக்கு அதே அவசரம் ஒருவரை நிரந்தரமாக முடக்கியிருக்கும். இரண்டையும் ஒரே இரவில், ஒரே ஆள், தூக்கக் கலக்கத்தோடு பிரித்தறிய வேண்டும். இந்த ஆண்டை நான் பெரிதாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

கண் மருத்துவத்துக்குப் போகிறவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், கொஞ்ச நாளாகத் தலைவலி, சீப்பு பட்டாலே உச்சந்தலையில் வலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை ஓய்ந்துபோகிறது என்கிறார். இன்று காலை ஒரு கண் இருண்டுவிட்டது. பெருஞ்செல் தமனி அழற்சி என்ற ரத்தக்குழாய் நோய் அது. கண்ணுக்குள் பார்த்துவிட்டு, தமனித் துண்டு ஆய்வுக்கு நாள் குறித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த சில நாளில் மற்றக் கண்ணும் போய்விடலாம். ஆய்வுக்கு முன்பே, அந்த மணியிலேயே ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். விழித்திரைத் தமனி திடீரென அடைபட்டவரும் அப்படித்தான். கண்ணுக்கு வந்த பக்கவாதம் அது. மூளைக்கும் வரலாம் என்பதால் அன்றே பக்கவாதப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். தோல் மருத்துவர் பார்க்கும் தடிப்புகளில் பெரும்பகுதி பொறுத்துப் பார்க்கக்கூடியவை. அவற்றுக்கிடையே, புதிதாகத் தொடங்கிய மருந்தால் காய்ச்சலோடும் முக வீக்கத்தோடும் வந்து கல்லீரலைத் தாக்கும் தடிப்பும் இருக்கும். மயக்கவியல் மருத்துவருக்கு முணுமுணுக்கும் இதயத்தைக் கேட்டு, மகாதமனி வால்வு சுருங்கியிருக்கிறது, இவருக்கு ரத்த அழுத்தம் விழவிடக்கூடாது என்று கத்தி படும் முன்பே தெரிந்தாக வேண்டும்.

இப்படிக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மருத்துவ அறிவு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அவ்வளவு எளிதாகக் கொண்டுசெல்லக்கூடியது அல்ல. 1978-இல் ஆர்தர் எல்ஸ்டைனும் லீ ஷுல்மனும் சாரா ஸ்ப்ராஃப்காவும், தேர்ந்த மருத்துவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். நல்ல மருத்துவரிடம் பொதுவான ஒரு ‘சிந்திக்கும் திறன்’ இருக்கும், அதை எந்த நோயிலும் பயன்படுத்துவார் என்பதுதான் அதுவரை எதிர்பார்ப்பு. கிடைத்த விடை வேறு. தேர்ந்தவரும் புதியவரும் ஒரே மாதிரித்தான் யோசித்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இருவர் மனத்திலும் நாலைந்து ஊகங்கள் எழுந்தன. ஒரு நோயாளியிடம் சிறப்பாகக் கண்டறிந்தவர் அடுத்த நோயாளியிடம் தடுமாறினார். வித்தியாசம், முன்பு பார்த்துப் பழகிய நோயாளிகளின் எண்ணிக்கையிலும் அவை மனத்தில் அடுக்கப்பட்டிருந்த விதத்திலும் இருந்தது. ஒவ்வொரு நோயும் அனுபவசாலியின் மனத்தில் யாருக்கு வரும், எப்படித் தொடங்கும், எந்த வேகத்தில் முற்றும் என்ற ஒரு கதையாகத் தங்கியிருக்கிறது. பாடநூலில் இருப்பது அந்தக் கதையின் சுருக்கம் மட்டுமே.

அப்படியானால் ஓராண்டு பொது மருத்துவம் பார்த்தவர், ஐந்தாண்டு கழித்து இதயச் செயலிழப்புக்கு மருந்து திட்டமிடத் தெரிந்தவராக இருப்பாரா? இருக்கமாட்டார். மருந்தளவுகள் மறந்துபோகும், வழிகாட்டு நெறிகள் மாறிவிடும். மறக்காமல் நிற்பது, வாசலில் நின்று ஒரு ஆளைப் பார்த்தவுடன் ‘இவர் நிலைமை சரியில்லை’ என்று அடிவயிற்றில் எழும் உணர்வு. மூச்சு நிமிடத்துக்கு இருபத்தெட்டு ஓடுவதை எண்ணுவதற்கு முன்பே கண் பிடித்துவிடும். நேற்றுச் சரியாகப் பேசிய பாட்டி இன்று பெயர் குழறினால் வயதின் மேல் பழிபோடாமல் சிறுநீர்த் தொற்றைத் தேடத் தோன்றும். கூடவே, இது என் கைக்கு மீறியது, மூத்தவரை எழுப்ப வேண்டும் என்று தொலைபேசியை எடுக்கும் துணிவும் தங்கிவிடும். நூற்றுக்கணக்கான நோயாளிகள் முன் நின்றால் ஒழிய இது வராது. அதற்கு ஓராண்டு அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டின் நேரம் உண்மையில் எங்கே போகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது. பால்டிமோரில் இரண்டு மருத்துவமனைகளின் பொது மருத்துவ இன்டர்ன்கள் 29 பேரை, மொத்தம் 873 மணி நேரம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. நோயாளியோடு நேரடியாக இருந்தது பணி நேரத்தில் நூற்றுக்கு 12 பங்கு. கணினித் திரைக்கு முன் 40 பங்கு. ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ எட்டு நிமிடம். ஆஸ்லர் இளைஞர்களை எந்த ஊரில் படுக்கையருகே குடியமர்த்தினாரோ அதே ஊரின் கணக்கு இது. நோயின் வேகத்தைப் படுக்கையருகே நின்றுதான் அறிய முடியும். முற்பகல் எப்படி மூச்சு விட்டார், பிற்பகல் எப்படி விடுகிறார் என்று இரண்டு முறை பார்த்தவருக்கே வித்தியாசம் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரி தட்டிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது.

அடுத்தது தூக்கம். 1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடும் உடல் நடுக்கத்தோடும் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மறுநாள் காலை இறந்தார். அவர் எடுத்துக்கொண்டிருந்த மனச்சோர்வு மருந்தான பினெல்சினோடு, அங்கே கொடுத்த பெத்திடின் மோதியிருக்கலாம் என்று பேசப்பட்டது. அன்றிரவு அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்கள் நீண்ட பணியில் இருந்தவர்கள். இன்டர்ன் வேறு பல நோயாளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரிகையாளரான தந்தை சிட்னி சயன் இதை விடவில்லை. 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003-இல் 80 மணி நேர வரம்பு நாடு முழுவதற்கும் வந்தது. 2004-இல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவு இன்டர்ன்களிடம் கிறிஸ்டோபர் லாண்ட்ரிகனும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், நீண்ட பணிமுறையில் கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகமாக இருந்தன. 24 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பணி முடித்து வண்டி ஓட்டிப் போகும் இன்டர்ன் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று அடுத்த ஆண்டு இன்னோர் ஆய்வு சொன்னது.

2011-இல் முதலாண்டுக்காரர்களுக்கு மட்டும் தொடர்பணி 16 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எல்லாம் சீராகும் என்று எதிர்பார்த்தார்கள். 63 பொது மருத்துவப் பயிற்சித் திட்டங்களில் நடந்த பெரிய ஆய்வில், நீண்ட பணிமுறைக்கும் குறுகிய பணிமுறைக்கும் இடையே நோயாளிகளின் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. அந்த முடிவுகள் வெளிவருவதற்கு முன்பே, 2017-இல், வரம்பு மறுபடி 24 மணி நேரமாகிவிட்டது. பணி குறுகினால் கைமாற்றம் பெருகும் என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். மாலையில் வீட்டுக்குப் போகிறவர் இரவுக்காரரிடம் சொல்ல மறந்த ஒரு வரியில் ஓர் உயிர் தொங்கலாம். ‘சோடியம் நள்ளிரவில் மறுபடி பார்’ என்ற வரி விடுபட்டால் போதும். ஒப்படைக்கும் முறையையே சீராக்க முடியுமா என்று ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில் முயன்று பார்த்தார்கள். நோயின் கடுமை எவ்வளவு, சுருக்கம் என்ன, செய்ய வேண்டியது என்ன, என்ன நடந்தால் என்ன செய்வது என்று ஒருவர் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐ-பாஸ் எனப்படும் இந்த முறையால் தவறுகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன என்று 2014-இல் அறிவித்தார்கள். புது மருந்து எதுவும் இல்லாமல், பேசும் முறையை மாற்றியே கிடைத்த பலன் இது. கவனித்துப் பார்த்தால், கடுமையை முதலில் சொல் என்பதும் வேகத்தை முதலில் சொல் என்பதும் ஒன்றுதான்.

சோர்வு மனத்தையும் விடுவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீஜன் சென் இன்டர்ன்களைப் பணி தொடங்கும் முன்பிலிருந்து ஆண்டு முழுவதும் தொடர்ந்து கவனித்து வருகிறார். அவருடைய குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 740 பேர் இருந்தார்கள். தொடங்கும் முன் மனச்சோர்வின் அறிகுறிகள் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருந்தன. ஆண்டின் நடுவே அளந்தபோது சராசரியாக நால்வரில் ஒருவரிடம்.

இவை எல்லா இன்டர்ன்களுக்கும் பொது. பிரிலிமுக்கு இதற்கு மேலும் ஒரு தனிமை உண்டு. அதே வார்டில், அதே வேலையைச் செய்யும் மற்றவர் மூன்றாண்டு இருக்கப்போகிறவர். மூத்தவர்கள் அவரை வளர்த்தெடுக்கிறார்கள், ஆய்வில் சேர்த்துக்கொள்கிறார்கள், அவருடைய எதிர்காலம் பற்றிக் கேட்கிறார்கள். பிரிலிம் அடுத்த ஜூனில் போய்விடுகிறவர். ‘எப்படியும் கதிரியக்கவியலுக்குத்தானே போகிறாய்’ என்ற ஒரு வாக்கியத்தோடு அவருக்கான பாடம் நின்றுவிடும் அபாயம் உண்டு. மில்லிஸ் குழு அன்று சொன்னது இதைத்தான்: யாருக்கும் சொந்தமில்லாத ஆண்டை யாரும் கவனிக்கமாட்டார்கள். கண் மருத்துவத் துறை இப்போது தன் மாணவர்களின் முதலாண்டைத் தன்னோடு இணைத்துக்கொள்ளத் தொடங்கியதை நான் வரவேற்கிறேன். அந்த ஆண்டில் சில மாதம் கண் பிரிவிலும் இருக்கிறார்கள், ஊர் மாறி அலைவதும் மிச்சம். மயக்கவியலிலும் நரம்பியலிலும் இணைந்த இடங்கள் உண்டு. ஆனால் இணைக்கிறோம் என்ற பெயரில் பொது வார்டின் இரவுகளைக் குறைத்துவிட்டால், மிஞ்சுவது ஓராண்டு கூடுதலான துறைப் படிப்பாக இருக்குமே தவிர வேறாக இருக்காது. திரையில் தட்டும் வேலையைக் குறைக்கலாம், காகித வேலையைக் குறைக்கலாம். நோயாளியைக் குறைக்கக் கூடாது.

ஜூன் முடிந்து அவர்கள் கலைந்து போகிறார்கள். ஒருவர் இருட்டறைக்கு. சில மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் நெஞ்சு ஸ்கேன் ஒன்று திரையில் விரிகிறது. நுரையீரல் தமனியின் இரு கிளைகளிலும் ரத்தக்கட்டி, வலப்பக்க இதயம் உப்பியிருக்கிறது. அறிக்கையில் எழுதினால் கடமை முடிந்தது. ஆனால் அறிக்கை எங்கே போய் விழும் என்று அவருக்குத் தெரியும். ஆறாவது மாடியில், நாற்பது நோயாளிகளின் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறு யாருக்கோ இ.சி.ஜி. பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் இன்டர்னின் கணினியில், படிக்கப்படாத பதினான்கு செய்திகளுக்குக் கீழே. அவர் தொலைபேசியை எடுக்கிறார். மறுமுனையில் களைத்த குரல். கட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் கேட்கிறார்: “ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கு? நீங்க இப்போ அவரைப் பார்த்தீங்களா?”